கடைசி வரியில் என்ன இருந்தது?

போன மாதம் ஒரு நாள் காலை என் பழைய கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடுகின்றன. பிறகு அப்படியே நின்றுபோகிறது. இத்தனை வருடமாக உங்களுக்காக எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன என்பதால் எனக்குக் காலைக் காபி கூட இறங்கவில்லை.

பழுது பார்க்கும் கடைத் தம்பியை அழைத்தேன். வந்தார், இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். "ஐயா, நீங்க லினக்ஸ் போட்டீங்க இல்ல, அதான். அதுக்கு முன்னாடி நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருப்பது போலத்தான் தெரிந்தது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் ஏறக்குறைய இதே கேள்வியை 1978இல், நான் எழுத்தராக இருந்த ஓர் அலுவலகத்தில், ஒரு மனிதரைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். கிளம்பாத கம்ப்யூட்டரில் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கும் கலை எப்படி வளர்ந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் என்றால் 'ஓர்தினாத்தர்'. ஐபிஎம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை தன் புதிய எந்திரத்துக்கு ஒரு பெயர் கேட்டபோது, சொர்போன் பல்கலைக்கழகத்தில் லத்தீன் பேராசிரியராக இருந்த ழாக் பெரே 1955இல் எழுதிக் கொடுத்த சொல் அது. ஒழுங்குபடுத்துபவர் என்று பொருள். உலகை ஒழுங்கில் வைக்கும் கடவுளைக் குறிக்கப் பழைய அகராதியில் இருந்த சொல் என்று அவரே கடிதத்தில் குறிப்பிட்டார். கணக்குப் போடுவதை விட வரிசைப்படி செய்வதுதான் அந்த எந்திரத்தின் குணம் என்று பார்த்தால் பொருத்தமான பெயர்தான். அந்த வரிசை அறுந்துபோகும்போதுதான் அது கிளம்பாமல் நிற்கிறது.

நம் அலுவலகத்துக் கோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தபால் பிரிவில் முத்திரை, எழுத்தரின் குறிப்பு, கண்காணிப்பாளரின் சுருக்கொப்பம், அதிகாரியின் கையெழுத்து. கோப்பு எங்கே மாட்டிக்கொண்டது என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? கடைசியாக விழுந்த சுருக்கொப்பம் யாருடையது என்று பார்ப்போம். அதற்கு அடுத்த மேசையில்தான் கோப்பு தூங்குகிறது. கிளம்பாத கம்ப்யூட்டரை ஆராய்வதும் இதே வேலைதான். கடைசியாக அது என்ன சொன்னது? அதற்கு அடுத்து யார் பேசியிருக்க வேண்டும்?

கம்ப்யூட்டர் இப்படித் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் பழக்கம் வீட்டு எந்திரங்களுக்கு வந்தது ஐபிஎம் பிசியோடு. 1981 ஆகஸ்ட் 12இல் அது அறிவிக்கப்பட்டது. மின்சாரம் வந்தவுடன் அது முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். எல்லாம் சரி என்றால் ஒரு சின்ன 'பீப்'. சரியில்லை என்றால் திரையில் ஓர் எண். 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை, 601 என்றால் பிளாப்பி. 1983இல் ஹார்டு டிஸ்க்கோடு வந்த எக்ஸ்டி மாடலில் 1701 என்றால் டிஸ்க் பழுது. திரையே வராவிட்டால்? அதற்காகத்தான் அந்த ஒலி. வேறு வேறு நிறுவனங்கள் நீளமாகவும் குட்டையாகவும் விதவிதமான பீப்களை வைத்துக்கொண்டன.

1984இல் வந்த ஐபிஎம் ஏடி மாடல் இன்னொரு உபாயம் செய்தது. சோதனையின் ஒவ்வொரு படியிலும் ஓர் எண்ணை ஒரு குறிப்பிட்ட வாசலில் எழுதி வைத்துவிட்டு நகரும். அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறிய அட்டை ஒன்றை மதர்போர்டில் செருகினால், எந்திரம் கடைசியாகத் தொட்ட படியின் எண் இரண்டு இலக்கத்தில் எரியும். இதற்குப் பெயர் போஸ்ட் கார்டு! நம் காலத்துத் தபால் அட்டை அல்ல, தற்சோதனை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஆனாலும் சேதி சொல்லும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இனி லினக்ஸுக்கு வருவோம். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினுஸ் டோர்வால்ட்ஸ் 1991 தொடக்கத்தில் ஒரு 386 கம்ப்யூட்டரை வாங்கினார். அந்த ஆகஸ்டில், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக மற்றவர்களுக்கு அறிவித்தார். தன்னிடம் இருக்கும் வகை ஹார்டு டிஸ்க் தவிர வேறெதற்கும் அது உதவாமல் போகலாம் என்றும் அதில் சொல்லிவிட்டார். ஆக, லினக்ஸ் பிறந்தபோதே எந்த வன்பொருளில் ஓடும், எதில் ஓடாது என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது.

லினக்ஸை டிஸ்க்கிலிருந்து எழுப்பிவிட 1990களில் பலரும் பயன்படுத்திய நிரல் 'லிலோ'. வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதியது. அந்த ஆரம்ப நிரலுக்குக் கிடைக்கும் இடமோ மிகக் கொஞ்சம், டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். பிழைச் செய்தி எழுத அங்கே இடம் ஏது? அதனால் தன் பெயரின் நான்கு எழுத்துகளையே சுருக்கொப்பமாக ஆக்கிக்கொண்டது. ஒவ்வொரு படி முடிந்ததும் ஓர் எழுத்து. 'எல்' மட்டும் வந்து நின்றால், முதல் பகுதி வந்துவிட்டது, டிஸ்க்கிலிருந்து இரண்டாவது பகுதியைப் படிக்க முடியவில்லை. 'எல் ஐ' என்று நின்றால், இரண்டாவது பகுதி வந்தது, ஆனால் ஓடவில்லை. 'எல் ஐ எல்' என்றால், அது ஓடத் தொடங்கியது, டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கவில்லை. நான்கும் வந்தால்தான் முழு லிலோ, வேலை முடிந்தது. இவ்வளவு சிக்கனமான அலுவலகக் குறிப்பை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. பெயரைப் பாதியில் நிறுத்தியே நோயைச் சொல்லிவிட்டது!

லிலோ தன் வேலையை முடித்தபின் லினக்ஸின் உள்ளகமான கெர்னல் பேசத் தொடங்கும். அது வாயாடி. செயலியைக் கண்டேன், நினைவகம் இவ்வளவு, டிஸ்க் இன்னது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதும். பலர் அந்த ஓடும் எழுத்தைக் கண்டு மிரள்கிறார்கள். எனக்கு அது தபால் பதிவேடு போலத் தெரிகிறது. இப்போதைய லினக்ஸ்கள் அழகான படம் ஒன்றை வைத்து அதை மறைக்கின்றன. கிளம்பாத நாளில் அந்தப் படத்தை நீக்கிவிட்டு எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மேலே போக வழியில்லை என்றால் கெர்னல் 'பேனிக்' என்று எழுதிவிட்டு நிற்கும். அந்தச் சொல் யூனிக்ஸ் காலத்தது. மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத்தில் வேலை பார்த்த டாம் வான் வ்ளெக், தாங்கள் எழுதும் நிரலில் பாதி பிழையிலிருந்து மீள்வதற்கே போகிறது என்று யூனிக்ஸ் உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியிடம் சொன்னாராம். நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டோம், பிழை வந்தால் பேனிக் என்ற பகுதியை அழைப்போம், எந்திரம் நின்றுவிடும், கூடத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு மறுபடி போடச் சொல்வோம் என்பது ரிட்சியின் பதில். லினக்ஸும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டது. திரை தெரியாத நேரத்துக்காக விசைப்பலகை விளக்குகளையும் சிமிட்டவிடும். 2002இல் ஒருவர் அந்த விளக்கு மோர்ஸ் தந்தி முறையில் பிழைச் செய்தியையே சிமிட்டும்படி நிரல் எழுதிவிட்டார். நம் தலைமுறைத் தந்தி ஊழியர் யாராவது பக்கத்தில் நின்றால் படித்துச் சொல்லியிருப்பார்.

இதுவரை சொன்னது எந்திரம் தன் நோயைத் தானே ஒப்புக்கொள்ளும் கதை. அது ஒப்புக்கொள்ளாத நோயும் உண்டு, வம்பு அங்கேதான்.

1990களில் லினக்ஸ் வைத்திருந்தவர்கள் கெர்னலை மூல நிரலிலிருந்து தாங்களே தொகுத்துக்கொள்வது வழக்கம். பலருக்கு அந்த வேலை பாதியில் 'சிக்னல் 11' என்ற செய்தியோடு நின்றது. ஒரு நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தைத் தொட்டால் வரும் செய்தி அது. டாஸும் விண்டோஸும் இதே எந்திரத்தில் ஒழுங்காக ஓடுகின்றன, ஆகவே லினக்ஸ்தான் கோளாறு என்று எல்லோரும் குற்றம்சாட்டினார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ரோஜியர் வுல்ஃப் இதற்கென்றே ஒரு நீண்ட கேள்வி பதில் தொகுப்பு எழுதினார். அவருடைய தீர்ப்பு, பெரும்பாலான இடங்களில் குற்றவாளி வன்பொருள், அதிலும் முக்கியமாக நினைவகம் என்பதே. அதிகச் சூடும், தகுதிக்கு மீறிய வேகத்தில் ஓட்டுவதும் அடுத்த காரணங்கள்.

அப்படியானால் டாஸ் எப்படி ஓடியது? டாஸ் பெரும்பாலும் முதல் 640 கிலோபைட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தியது. மேல்மாடி அறையில் ஓட்டை இருந்தால் கீழேயே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? லினக்ஸோ எல்லா அறையையும் திறந்துவிடும். வேலை இல்லாத நினைவகத்தில் கூட டிஸ்க்கிலிருந்து படித்ததை அடுக்கி வைக்கும். தொகுக்கும் நிரல் ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்கு லட்சக்கணக்கான முறை தாவும். அதில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் வேறு யாருடைய வாசலிலோ போய் நிற்கும். ஓட்டை முன்பிருந்தே இருந்தது. புதிதாக வந்தவன் எல்லா அறைக்கும் போனதால் அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க எந்திரத்துக்குள்ளேயே ஒரு சாட்சி முன்பு இருந்தது. முதல் ஐபிஎம் பிசியில் ஒவ்வொரு 8 பிட்டுக்கும் கூடவே 9ஆவதாக ஒரு சரிபார்ப்புப் பிட் உண்டு. கணக்கு ஒத்துவராவிட்டால் எந்திரம் உடனே நின்று முறையிடும். 1990களின் நடுவில் விலை குறைப்புப் போட்டி வந்தபோது, மலிவு எந்திரங்களில் முதலில் வேலை இழந்தது அந்த 9ஆவது பிட்தான். தணிக்கைப் பிரிவை மூடினால் தணிக்கை ஆட்சேபணை வராது அல்லவா!

இத்தனைக்கும் பிழையைக் கண்டுபிடிப்பது மட்டுமல்ல, திருத்தவே முடியும் என்பது எப்போதோ நிரூபணமான விஷயம். பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஹாமிங்குக்கு 1947இல் ரிலே கம்ப்யூட்டர் வார இறுதியில்தான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை வேலையைக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வந்து பார்த்தால், ஏதோ ஒரு பிழையைக் கண்டு எந்திரம் அவர் வேலையைக் கைவிட்டிருக்கும். பிழை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் எந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் என்றும் தெரிந்து திருத்த முடியாதா என்று கோபத்தில் யோசித்தார். 1950இல் வெளியான அவருடைய கட்டுரைதான் பிழை திருத்தும் குறியீடுகளுக்கு அடிப்படை. பெரிய நிறுவனங்களின் எந்திரங்களில் இன்றும் அந்த வழியில் வந்த நினைவகம் இருக்கிறது. நம் வீட்டு எந்திரங்களில் பெரும்பாலும் கிடையாது.

சாட்சியை அனுப்பிவிட்ட பிறகு வெளியிலிருந்து விசாரணை அதிகாரி வர வேண்டியிருந்தது. 1994இல் கிறிஸ் பிராடி எழுதிய 'மெம்டெஸ்ட்86' அப்படி வந்தது. எந்த இயங்குதளமும் இல்லாமல் தானே கிளம்பி, நினைவகத்தின் ஒவ்வொரு மூலையிலும் விதவிதமான கோலங்களை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். கம்ப்யூட்டர் கிளம்பும்போது செய்யும் சோதனை மேலோட்டமானது. இதுவோ இரவு முழுக்க உட்கார்ந்து பார்க்கும். பின்னர் 2000இல் ஜெர்மனியின் கிளவுஸ் க்னாப்பர், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே ஓடும் 'க்னாப்பிக்ஸ்' லினக்ஸை வெளியிட்டார். சிடியிலிருந்து நன்றாக ஓடுகிறது, டிஸ்க்கிலிருந்து ஓடவில்லை என்றால் சந்தேகம் டிஸ்க் பக்கம் போகும். நேற்று வரை குற்றவாளிக் கூண்டில் நின்ற லினக்ஸ், இன்று விண்டோஸ் கிளம்பாத எந்திரத்தையும் பரிசோதிக்க வரும் வைத்தியராகிவிட்டது.

லினக்ஸ் எப்போதும் நிரபராதி என்று நான் வாதாடவில்லை. கயேல் துவால் 1998இல் தொடங்கிய 'மாந்த்ரேக்' பிரெஞ்சுக்காரர்களின் லினக்ஸ், அதனால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் சொந்தபந்தம் உண்டு. 2003 அக்டோபரில் அதன் 9.2 பதிப்பை நிறுவியவர்களில் சிலருடைய எல்ஜி சிடி டிரைவ்கள் செத்துப்போயின. மென்பொருள் வன்பொருளைக் கொன்றுவிட்டது! விசாரித்தால் விஷயம் இது. எழுதாமல் வைத்திருப்பதை எழுதி முடி என்ற சாதாரணக் கட்டளையைக் கெர்னல் அனுப்பியது. படிக்க மட்டும் தெரிந்த டிரைவ், இது எனக்குத் தெரியாது என்று பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்த டிரைவ்களிலோ அதே எண்ணை, உன் உள்நிரலை மாற்றிக்கொள் என்பதற்குப் பயன்படுத்தியிருந்தார்கள். டிரைவ் தன் மூளையைத் தானே அழித்துக்கொண்டது. கட்டளையில் தவறில்லை, வாங்கியவர் புரிந்துகொண்டதில்தான் தவறு. ஆனாலும் மாந்த்ரேக் அதை அனுப்பாதபடி திருத்தி வெளியிட்டது. தவறு யாருடையது என்பது ஒரு கேள்வி, சேதத்தைத் தடுப்பது இன்னொரு கேள்வி.

சரி, என் கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். தம்பி போனபின் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு முறை போட்டேன். நான்கு முறையும் கடைசி வரியை அப்படியே எழுதிக்கொண்டேன். முதல் முறை டிஸ்க் பற்றிய வரியில் நின்றது. இரண்டாம் முறை யுஎஸ்பி. மூன்றாம் முறை என் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் இடம் வரை வந்துவிட்டது. நான்காம் முறை பேனிக், விசைப்பலகை விளக்கு சிமிட்டியது.

ஒரு கோப்பு தினமும் ஒரே மேசையில் நின்றால் அந்த மேசைக்காரரைக் கேட்கலாம். ஒவ்வொரு நாளும் வேறு மேசையில் நின்றால்? கோப்பைக் கட்டிய நூல் இற்றுப்போயிருக்கிறது, தாள்கள் போகிற வழியில் எங்கு வேண்டுமானாலும் உதிர்கின்றன. கம்ப்யூட்டரில் அந்த நூல் பெரும்பாலும் நினைவகம், இல்லாவிட்டால் சூடு, இல்லாவிட்டால் மின்சாரம் தரும் பெட்டி. மென்பொருள் கெட்டிருந்தால் அநேகமாக ஒரே இடத்தில்தான் நின்றிருக்கும்.

மறுநாள் தம்பியிடம் நோட்டைக் காட்டினேன். நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை. ராம் அட்டைகள் இரண்டையும் கழற்றி, பென்சில் அழிரப்பரால் அவற்றின் முனைகளைத் தேய்த்தார். கடற்காற்று ஊரில் இது பாதி வியாதிக்கு மருந்து. இந்த முறை பலிக்கவில்லை. பிறகு பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட் ஓட்டினோம். இரவு பத்து மணிக்குச் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. ஒவ்வோர் அட்டையையும் தனித்தனியாக இரண்டு குழியிலும் மாற்றிப் போட்டு நான்கு சோதனை செய்தோம். ஓர் அட்டை எந்தக் குழியில் போட்டாலும் தவறு செய்தது, மற்றது எதிலும் செய்யவில்லை. ஆக, குழி நிரபராதி, அட்டை குற்றவாளி. அதை எடுத்துவிட்டோம். இப்போது கம்ப்யூட்டர் என்னைப் போலவே பாதி நினைவோடு ஓடிக்கொண்டிருக்கிறது. குறிப்புகள் எல்லாம் பத்திரம்.

உங்களில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு போல ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். டிஸ்க்கைக் கடைசியாகத் திறந்த தேதி எதிர்காலத்தில் இருக்கிறதே என்று லினக்ஸ் முறையிட்டுக்கொண்டு நின்றுபோவதும் உண்டு. கிளம்பாத நாளில் தேதியையும் ஒருமுறை பாருங்கள்.

இனி 1978. எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஓர் இளநிலை எழுத்தர் வந்தார். இருபத்திரண்டு வயதிருக்கும். சம்பளப் பட்டியல் கூட்டும் வேலை அவருக்கு. பழையவர்கள் நாங்கள் பென்சிலால் கூட்டுவோம். பள்ளியில் எனக்கு 'எ ழெ ரெத்தியேன் அன்', அதாவது 'கையிலே ஒன்று' என்று பாட்டாகவே பழக்கியிருந்தார்கள். அலுவலகத்தில் கைப்பிடி சுற்றும் கூட்டல் எந்திரம் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அவர்தான் அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார். இரண்டு மாதத்தில் மூன்று பட்டியல்கள் கூட்டல் தவறென்று திரும்பி வந்தன. "இவர் வந்த பிறகுதானே இப்படி?" என்று தலைமை எழுத்தரிடம் கேட்டவன் நான். எந்திரத்தில் சிறிய எண்களைப் போட்டுப் பார்த்தோம், சரியாகத்தான் வந்தது. விளக்கம் கேட்கும் குறிப்பாணையை வரைந்தவனும் நான்தான், கையெழுத்து மட்டும் மேலே உள்ளவருடையது. சில மாதங்களில் அவருக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது.

அடுத்த வருடம் எந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவர் மூடியைத் திறந்து ஒரு பல் தேய்ந்திருப்பதைக் காட்டினார். நூறுகளிலிருந்து ஆயிரத்துக்கு ஒன்றை ஏற்றும் இடம். சில நேரம் ஏற்றும், சில நேரம் ஏற்றாது. நான் பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் வித்தியாசம் சரியாக ஆயிரம் ரூபாய். மூன்றையும் அருகருகே வைத்து ஒருமுறை பார்த்திருந்தாலே அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த எந்திரத்தில் ஒரே கூட்டலை நான்கு முறை போட்டுப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

பழுது பார்த்த செலவு ஒரு கோப்பில் ஏறியது. குறிப்பாணை வேறொரு கோப்பில் கிடந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருக்க வேண்டியவன் நான். எழுதவில்லை. அவருக்கு ஒரு கடிதமும் போடவில்லை. பிறகு அவர் வேறு துறைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன், முகவரி தெரியாது.

அன்றைக்கு எழுதாத குறிப்பை இன்று இங்கே எழுதிவிட்டேன். மேலே அனுப்பத்தான் யாரும் இல்லை.